கேட்பவரின் கடமை

வளரிளம் பருவத்து மாணவர்கள் எல்லோரிடமும் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, பிறர் முன்னிலையில் நிற்கவே அஞ்சி உள்ளுக்குள் வாடுகின்றவர்கள் அவர்களுள் யார் யார் என்று கண்டறிய முற்படுவது முறையான செயலா? பெற்றோராகவும் ஆசிரியராகவும் இருக்கின்ற அன்பர்கள் சிலர் இந்தக் கேள்வியை எழுப்பியிருக்கிறார்கள். 'நம் குழந்தைகளைப் பற்றி ஒரு காகிதம் தீர்ப்புக் கூறுவதா?' என்று சிலர் மனம் கொதிக்கிறார்கள். 'கண் பரிசோதனை, பல் பரிசோதனை போல் இதுவும் ஒன்று. இதில் என்ன தவறு?' என்கிறார்கள் வேறு சிலர். 'நாள்தோறும் சிறிது ஜபமும் பிராணாயாமமும் செய்தால் போதும். இந்த மேலைநாட்டு முறையெல்லாம் எதற்கு?' என்போரும் உண்டு. மூன்று தரப்பினரும் குழந்தைகளின் நலனையே நினைக்கிறார்கள். ஆயினும் மூவருமே கேள்வியின் மையத்தை விட்டுச் சற்று விலகி நிற்பதாகத் தோன்றுகிறது.

அந்த வினாத்தாள் எத்தகையது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். உளவியலார் 'சமூகப் பதற்றம்' என்று குறிப்பிடுவது வெறும் கூச்சத்தை அன்று. நாலு பேர் தன்னைப் பார்க்கிறார்கள், எடை போடுகிறார்கள், தான் அவமானப்படப் போகிறோம் என்ற அச்சம் ஓயாமல் வருத்துவதையும், அதனால் ஒருவர் மனிதர் கூடும் இடங்களையே தவிர்க்கத் தொடங்குவதையும் அவர்கள் அந்தப் பெயரால் குறிக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலில் இது தனி நோயாக இடம்பெற்றது. 2013-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு இதற்குச் சில நிபந்தனைகளை விதிக்கிறது. அச்சம் பொதுவாக ஆறு மாதங்களோ அதற்கு மேலோ நீடித்திருக்க வேண்டும். சூழ்நிலையில் உண்மையாக உள்ள ஆபத்தை விட மிகையாக இருக்க வேண்டும். வாழ்க்கையைக் குறிப்பிடத்தக்க அளவில் குலைத்திருக்க வேண்டும். குழந்தைகளைப் பொறுத்தவரை, பெரியவர்கள் முன்பு மட்டுமன்றி ஒத்த வயதினரிடையேயும் அது தோன்ற வேண்டும்.

இதைக் கண்டறியப் பயன்படும் வினாத்தாள்களுள், டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஒன்று பரவலாக வழங்குகிறது. அதில் 17 வாக்கியங்கள் உள்ளன. அதிகாரத்தில் உள்ளவர்களிடம் அச்சம், முகம் சிவத்தல், விருந்துகளுக்குச் செல்லத் தயக்கம், அறியாதவருடன் பேசத் தயக்கம், நெஞ்சு படபடத்தல், வியர்த்தல், நடுங்குதல் முதலியவை பற்றியவை அவை. கடந்த ஒரு வாரத்தில் ஒவ்வொன்றும் தன்னை எவ்வளவு வருத்தியது என்று 0 முதல் 4 வரை எண் இட வேண்டும். கூட்டிப் பார்த்தால் அதிக அளவு 68. 19-ஐ எட்டியவர் மேலும் கவனிக்கப்பட வேண்டியவர் என்பது வழக்கமான எல்லைக்கோடு. ஐந்து நிமிடங்களில் முடிந்துவிடும். அமெரிக்க அரசின் ஆதரவில் இயங்கும் நோய்த்தடுப்புச் சேவைகள் பணிக்குழு, 8 முதல் 18 வயது வரையுள்ள அனைவரையும் பதற்ற நோய்களுக்காக இவ்வாறு சோதித்துப் பார்க்கலாம் என்று 2022 அக்டோபரில் பரிந்துரைத்தது. வினாத்தாளைக் கொண்டு மட்டும் நோயை முடிவு செய்யலாகாது, பின்னர் முறையான நேர்காணல் தேவை என்பதும் அதே பரிந்துரையில் உள்ளது. இந்த இரண்டாம் பகுதி பெரும்பாலும் மறக்கப்பட்டுவிடுகிறது.

இந்த முயற்சிக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. அதை நாம் இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. வகுப்பில் குறும்பு செய்கின்ற மாணவனை ஆசிரியர் கவனிக்கிறார். படிப்பில் பின்தங்கியவனையும் கவனிக்கிறார். ஆனால் கடைசிக்கு முந்தைய வரிசையில் தலை நிமிராமல் அமர்ந்திருக்கும் பெண்ணை யார் கவனிக்கிறார்கள்? வருகைப் பதிவேட்டில் தன் பெயர் வருவதற்கு முன்பே அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. விடை தெரிந்திருந்தும் அவள் கை உயர்வதில்லை. மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க உண்ண முடியாமல் மதிய உணவுப் பெட்டியை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். வகுப்பின் முன் நின்று பேச வேண்டிய நாளில் வயிற்று வலி என்கிறாள். அந்த வலி பொய்யன்று. ஆண்டு இறுதியில் அவளுடைய அறிக்கையில் ஆசிரியர் எழுதுவது, 'அமைதியான, அடக்கமான மாணவி' என்பது. பெற்றோர் மகிழ்கிறார்கள். அமெரிக்காவில் கண்டறிந்தபடி, இத்தகையோருள் நால்வரில் மூவருக்கு 8 வயதிலிருந்து 15 வயதுக்குள் இது தொடங்கிவிடுகிறது. துன்பத்தைச் சொல்வதற்கு ஒருவரிடம் போய்ப் பேச வேண்டும், பேசுவதுதான் துன்பமே. ஆகவே அவர்களாக வந்து சொல்வார்கள் என்று காத்திருப்பது வீண். 'கேளாமல் இருப்பதே கண்ணியம்' என்று வாதிடுவோர், இந்தப் பெண்ணை மனத்தில் நிறுத்திக்கொண்டு அதைச் சொல்ல வேண்டும்.

எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

மறுபக்கத்தையும் பார்ப்போம். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். எண்கள் விளக்கத்திற்காகக் கொண்டவையே. ஆயிரம் மாணவர்கள் உள்ள பள்ளியில் ஐம்பது பேருக்கு உண்மையிலேயே இந்த நோய் உண்டு என்று கொள்வோம். வினாத்தாள் அந்த ஐம்பது பேரில் நாற்பது பேரைச் சரியாகக் காட்டுகிறது. நோயில்லாத 950 பேரில் பத்தில் ஒருவரைத் தவறாகக் காட்டுகிறது. அப்படியானால் தவறாகச் சுட்டப்பட்டவர்கள் 95 பேர். ஆக மொத்தம் 135 மாணவர்களின் பெயர்கள் பட்டியலில் ஏறுகின்றன. அவர்களுள் உண்மையில் நோயுற்றவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. விடுபட்ட பத்துப் பேரைப் பற்றி, 'சோதித்தாயிற்று, ஒன்றுமில்லை' என்று பள்ளி நிம்மதி அடைந்துவிடுகிறது. கருவி மோசமானது என்பதால் இப்படி நேரவில்லை. அரிதாக உள்ள ஒன்றைப் பெரும் கூட்டத்தில் தேடும்போது எந்தச் சல்லடைக்கும் நேர்வதே இது. சல்லடையில் நின்றதெல்லாம் கல் என்று சமையலறையில் யாரும் முடிவு செய்வதில்லை. கையால் எடுத்துப் பார்க்கிறோம்.

கையால் எடுத்துப் பார்க்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சி உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவான 'டீன்ஸ்கிரீன்' என்ற சோதனைத் திட்டத்தை 2004 டிசம்பரில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து உயர்நிலைப் பள்ளி ஒன்று நடத்தியது. மறுப்பு எழுதி அனுப்பாத பெற்றோர் அனைவரும் சம்மதித்தவர்களாகவே கொள்ளப்பட்டனர். மாணவர்கள் கணினியின் முன் அமர்ந்து 'ஆம்', 'இல்லை' என்று விடையளித்தார்கள். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியிடம், அவளுக்கு இரண்டு மனக்கோளாறுகள் இருப்பதாகக் கூறப்பட்டது. அவற்றுள் ஒன்று சமூகப் பதற்றம். விருந்துக் கேளிக்கைகளில் தனக்கு அவ்வளவாக நாட்டம் இல்லை என்றும், வீட்டைத் துப்புரவு செய்ய உதவுவது வழக்கம் என்றும் தான் அளித்த விடைகளே அதற்குக் காரணம் என்று அவள் சொன்னாள். தங்களைக் கேட்காமலே இது நடந்ததாகக் கூறிப் பெற்றோர் 2005-இல் வழக்குத் தொடர்ந்தார்கள். அந்தத் திட்டம் 2012-இல் முடிவுக்கு வந்தது. சட்டத்தின் பார்வையில் அந்த வழக்கில் எது சரி என்பது இங்கு நம் விஷயமன்று. ஒரு சிறுமி தன்னைப் பற்றி நேர்மையாகச் சொன்னவை, அவளிடம் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கப்படாமல், ஒரு நோயின் பெயராகத் திரும்பி வந்தன என்பதே நாம் சிந்திக்க வேண்டியது.

மொழிபெயர்ப்பை அன்றாடப் பணியாகக் கொண்டவன் என்ற முறையில் எனக்கு இன்னொரு தடையும் தெரிகிறது. இத்தகைய வினாத்தாளைத் தமிழாக்க அமர்ந்தால், ஆங்கிலத்தின் ஒரு சொல்லுக்கு எதிரே நம்மிடம் கூச்சம், வெட்கம், நாணம், தயக்கம், சங்கோஜம், அச்சம் என்று பல வந்து நிற்கும். இவை ஒன்றல்ல. கூச்சம் வயதோடு கரைந்துவிடலாம். தயக்கம் விவேகத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். நாணமோ ஒரு நற்பண்பு. திருவள்ளுவர் 'நாணுடைமை' என்று ஓர் அதிகாரமும், 'அவையஞ்சாமை' என்று வேறோர் அதிகாரமும் வகுத்தார். நாணம் வேண்டும், அவைக்கு அஞ்சுதல் கூடாது. பகவத்கீதையின் பதினாறாம் அத்தியாயம் தெய்வீகப் பண்புகளை எண்ணும்போது முதலாவதாக அச்சமின்மையை வைக்கிறது. அதே பட்டியலில் சிறிது தூரம் சென்றதும் 'ஹ்ரீ' என்கின்ற நாணத்தையும் சேர்க்கிறது. அஞ்சாதவனும் நாணமுடையவனும் ஒரே மனிதனாக இருக்க முடியும், இருக்க வேண்டும் என்பது இரு நூல்களுக்கும் பொதுவான கருத்து. பிறர் பார்வையை மதிப்பதிலிருந்து பிறப்பது நாணம். பிறர் பார்வையால் நசுங்குவதிலிருந்து பிறப்பது அச்சம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தலை குனிந்து நிற்கும். 0 முதல் 4 வரையுள்ள எண்களால் இந்த வேறுபாட்டைப் பிடிக்க முடியாது.

'அதிகாரத்தில் உள்ளவர்களைக் கண்டால் அச்சமா?' என்ற வகையான கேள்வியையே எடுத்துக்கொள்வோம். தலைமையாசிரியர் அறைக்குள் நுழையும் முன் கால் தயங்காத பிள்ளை நம் ஊர்களில் எத்தனை பேர்? 'அறியாதவருடன் பேசத் தயக்கமா?' என்றால், அப்படிப் பேசக் கூடாது என்றல்லவா தாய் சொல்லி அனுப்பியிருக்கிறாள்? நல்ல ஆய்வாளர்கள் இதை அறிவார்கள். மொழிபெயர்த்ததை மீண்டும் மூலமொழிக்கு மாற்றிச் சரிபார்க்கிறார்கள்; அந்தந்த மக்களிடையே சோதித்து எல்லைக்கோட்டை மாற்றியமைக்கவும் செய்கிறார்கள். ஆனால் எங்கிருந்தோ நகலெடுத்த தாளை வகுப்பில் விநியோகிக்கும் ஒரு பள்ளி அவ்வளவு சிரமத்தை மேற்கொள்ளும் என்று எதிர்பார்க்க இயலாது.

உலர்ந்த நாக்கு

1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோவில் நிகழ்ந்தது நம் அன்பர்கள் அனைவரும் அறிந்ததே. ஆனால் அந்த நாளின் முற்பகலைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. நவம்பர் 2 அன்று சென்னையிலிருந்த அளசிங்கப் பெருமாளுக்கு எழுதிய கடிதத்தில் சுவாமி விவேகானந்தரே அதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். நெஞ்சு படபடத்தது, நாக்கு ஏறக்குறைய உலர்ந்துவிட்டது, காலையில் பேசத் துணிவு வரவில்லை என்கிறார். மற்றவர்களெல்லாம் உரை தயாரித்துக்கொண்டு வந்திருந்தார்கள். தாம் அப்படி வரவில்லை என்றும் குறிப்பிடுகிறார். முறை வந்தபோதெல்லாம் தள்ளிப்போட்டு, பிற்பகலில்தான் சரஸ்வதி தேவியை மனத்தில் வணங்கி எழுந்தார். நெஞ்சு படபடத்தல், பலர் முன் பேச அச்சம், தவிர்த்தல் என்று அந்த வாரத்தில் ஒருவர் அவரிடம் வினாத்தாளை நீட்டியிருந்தால் சில எண்கள் உயர்ந்தே இருந்திருக்கும். வலிமையின் உருவம் என்று நாம் போற்றும் ஒருவருக்கு உடல் இவ்வாறு நடுங்கியது என்பதை வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அச்சமின்மை என்பது படபடப்பே இல்லாத உடல் என்று அவர்கள் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மகாத்மா காந்தியும் தம் சத்தியசோதனையில் இளமைக்காலக் கூச்சத்திற்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். லண்டனில் சைவ உணவாளர் கூட்டத்தில் எழுதி வைத்ததைக்கூடப் படிக்க முடியாமல் வேறொருவர் படித்தார். அந்தக் கூச்சமே சொற்களை அளந்து பேசத் தமக்குக் கற்றுத் தந்தது என்று பின்னாளில் அவர் நன்றியோடு கருதினார். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பெரியோரின் இத்தகைய வாழ்க்கை நிகழ்ச்சிகளைச் சொல்லி, 'பார், அவருக்கும் இருந்தது; நீயும் தேறிவிடுவாய்' என்று கதவைச் சாத்திவிடுவது எளிது. தேறி மகாத்மாவானவரின் வரலாறு எழுதப்படுகிறது. கல்லூரியின் முதல் ஆண்டிலேயே படிப்பை விட்டு வீட்டின் உள்ளறைக்குள் ஒடுங்கிவிட்ட இளைஞரின் வரலாற்றை யாரும் எழுதுவதில்லை.

அவ்வாறே வேதாந்தத்தையும் தவறாகக் கையாள இடம் உண்டு. பார்ப்பவன் வேறு, பார்க்கப்படுவது வேறு என்பது 'த்ருக் த்ருச்ய விவேகம்' நமக்குக் கற்பிக்கும் முதல் பாடம். 'எனக்கு அச்சமாக இருக்கிறது' என்று அறிகின்றவன் அந்த அச்சம் அல்லன், அதற்குச் சாட்சி. இந்த நோக்கில் பார்த்தால், நன்றாகக் கேட்கப்பட்ட ஒரு கேள்விகூட மாணவனுக்கு உதவக்கூடும். இதுவரை தன்னை முழுவதுமாக விழுங்கியிருந்த ஒன்றை அவன் முதன்முறையாகத் தள்ளி வைத்துப் பார்க்கிறான். அதற்கு ஓர் அளவு கொடுக்கிறான். ஆனால் அடுத்த நொடியில் அவனிடம், 'நீ இன்ன நோயாளி' என்று சொல்லிவிட்டால், பார்க்கப்பட்டது மீண்டும் பார்ப்பவன்மீது ஏற்றப்படுகிறது. சங்கரர் அத்யாசம் என்றழைத்த அந்தப் பழைய தவறுக்குப் பள்ளியின் முத்திரையும் கிடைத்துவிடுகிறது. பதினான்கு வயதில் ஒட்டப்பட்ட பெயர் எளிதில் உரிவதில்லை. 'எனக்கு இது இருக்கிறது' என்பது விரைவிலேயே 'நான் இப்படிப்பட்டவன்' என்று மாறிவிடுகிறது. எனினும், 'நீ சாட்சி, உனக்கேது அச்சம்?' என்று தத்துவம் பேசி, நடுங்கும் பிள்ளையை உதவியின்றி அனுப்பிவிடுவதும் அதே அளவு தவறு. கால் முறிந்தவனுக்கு ஆத்மா அழிவற்றது என்று உபதேசித்துவிட்டு, கட்டுப் போடாமல் நாம் விட்டுவிடுவதில்லை.

தமிழில் 'கேட்டல்' என்ற சொல்லுக்கு வினவுதல் என்றும் செவிசாய்த்தல் என்றும் இரு பொருள். 'கேள்வி' என்று திருக்குறளில் ஓர் அதிகாரம் உண்டு. அது வினாவைப் பற்றியதன்று, செவியால் பெறும் செல்வத்தைப் பற்றியது. இந்தப் பிரச்சினைக்கு விடை நம் மொழியிலேயே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வினவியவர் செவிசாய்க்கவும் கடமைப்பட்டவர். ஒரு பிள்ளையிடம் 'உன்னை வருத்துவது எது?' என்று கேட்டுவிட்டு, அது சொல்லும் விடையை வாங்கிக் கோப்பில் வைத்து மூடுவது, கேளாமலிருந்ததை விடக் கொடிது. சொல்லியும் பயனில்லை என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை உண்மையைச் சொல்லாது.

இந்தக் கடமையை நிறைவேற்ற நம் நாட்டில் என்ன இருக்கிறது? பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு மனநலக் குறைபாடு இருப்பதாக மதிப்பிட்டது. ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இங்கு இல்லை. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' என்ற தொலைபேசிச் சேவையில் 14416 என்ற எண்ணில் தாய்மொழியிலேயே பேசலாம். அது ஒரு நல்ல தொடக்கம். ஆனால் புதியவரோடு தொலைபேசியில் பேசுவதற்கே அஞ்சும் பிள்ளைக்குப் பக்கத்தில் அமர ஒரு மனிதர் தேவை. இந்த நிலையில் ஆயிரம் பேரைச் சோதித்து 135 பெயர்களை எடுத்துவிட்டு, அவர்களோடு தனித்தனியே அமர்ந்து பேச ஓர் ஆலோசகரையும் நியமிக்காத பள்ளி, அந்தத் தாளை வினியோகிக்காமல் இருப்பதே தர்மம்.

கூட்டத்தின் நிலையை அறிவது வேறு. தனியொருவரைச் சுட்டுவது வேறு. என்.சி.இ.ஆர்.டி. 2022 ஜனவரி முதல் மார்ச் வரை ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள 3,79,842 மாணவர்களிடம் மனநலம் குறித்துக் கேட்டபோது, பெயர் எழுதுவது அவரவர் விருப்பத்திற்கு விடப்பட்டது. படிப்பும் தேர்வும் முடிவுகளுமே பதற்றத்திற்குக் காரணம் என்று 81 சதவீதத்தினர் கூறினர். பெயர் அறியாமலே இவ்வளவு தெரிந்துகொள்ள முடிந்தது. அந்த விடையைக் கண்டு பள்ளிகள் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளலாம். பிள்ளைகளைச் சோதிப்பது அதற்குப் பிறகு.

பெயரோடு கேட்டேயாக வேண்டும் என்றால், எழுத்தில் பெற்ற சம்மதம் வேண்டும்; மௌனம் சம்மதமாகாது. பெற்றோர் மட்டுமல்ல, பிள்ளையும் மறுக்கலாம் என்பதும், மறுத்தால் காரணம் கேட்கப்படாது என்பதும் முன்பே சொல்லப்பட வேண்டும். பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்க்கும் பெஞ்சில் அமர வைத்து இத்தாளை நிரப்பச் சொல்வது, பிறர் பார்வைக்கு அஞ்சும் பிள்ளையை அந்தப் பார்வைக்கே இரையாக்குவதாகும். விடைத்தாள் வகுப்பாசிரியரின் மேசைக்குப் போகக் கூடாது. பெயர் சுட்டப்பட்ட மாணவனை, மற்றவர்கள் பார்க்க வகுப்பிலிருந்து அழைத்து வரவும் கூடாது. இவை சிறிய விஷயங்கள் போல் தோன்றும். அந்தப் பிள்ளைக்கு இவை சிறியவை அல்ல.

உதவி கிடைத்துவிட்டால் அது பெரும்பாலும் மருந்திலிருந்து தொடங்குவதில்லை. அஞ்சும் சூழ்நிலைகளைப் பிள்ளையே வரிசைப்படுத்துகிறது. மிக எளியதிலிருந்து தொடங்கிப் படிப்படியாக அவற்றுள் நிற்கப் பழகுகிறது. கடைக்காரரிடம் பென்சில் என்ன விலை என்று தானே கேட்பது முதல் நாள் பாடமாக இருக்கலாம். வகுப்பில் ஒரு முறை கை உயர்த்துவது பல வாரங்களுக்குப் பின் வரலாம். கீதை அப்யாசம் என்று சொல்வதன் வேகமும் இதுவே; அவசரத்திற்கு இதில் இடமில்லை. இந்தப் பயிற்சியில் தாய்க்கு ஒரு கடினமான பங்கு உண்டு. இத்தனை ஆண்டுகளாக உறவினர் எதைக் கேட்டாலும், 'அவளுக்குக் கூச்சம், நான் சொல்கிறேன்' என்று முந்திக்கொண்டு பதில் சொல்லி வந்தவள் அவள். இப்போது கடை வாசலில் மகளின் பக்கத்தில் நின்று, வாய் திறக்காமல், அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீண்டாலும் காத்திருக்க வேண்டும்.